அரைநாள் வாத்தியார்

ஓசூருக்குப் பக்கத்தில்தான் தொரப்பள்ளி. ராசாசி பிறந்த ஊர். பிறந்த வீடு அரசு நினைவில்லமாக இருக்கிறது. 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டம் நமக்குத் தெரிந்ததே. பிள்ளைகளுக்கு அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் அதைத் தோலுரித்தது. 1954இல் ராசாசி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

அந்த அரைநாள் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மாணவனை விட்டுவிட்டு ஓவிய ஆசிரியர் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

2012இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பேரை அரசுப் பள்ளிகளில் பகுதிநேரமாக நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய். மே மாதம் சம்பளம் கிடையாது என்றார்கள். மே மாதத்தில் வாத்தியாருக்குப் பசிக்காது போலும். நியமித்தது அதிமுக. பணி நிரந்தரம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் எழுதியது திமுக. 2024இல் கைக்கு வந்ததோ 12,500 ரூபாய் தொகுப்பூதியம். ஓசூர் சிப்காட்டில் இதற்கு 'காண்ட்ராக்ட்' என்று பெயர். பள்ளிக்கல்வித் துறையில் 'பகுதிநேரம்'.

ஓவியம் என்ன பெரிய பாடமா என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குள்தான் சாதி இருக்கிறது. மனப்பாடம் செய்கிற வாய் உயர்ந்தது, மண்ணைப் பிசைகிற கை தாழ்ந்தது என்பது யார் வகுத்த தரவரிசை? ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வதும், ஆண்டுவிழா என்றால் மட்டும் ஓவிய ஆசிரியரைத் தேடுவதும் அந்தத் தரவரிசைப்படிதான் நடக்கிறது.

கைக்கு முழுநாள் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை ஓவியக் கல்லூரியே சாட்சி. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் அதற்குத் தலைமை வகித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அவருடைய மாணவர் சிற்பி எஸ். தனபால். படித்த இடத்திலேயே ஆசிரியராகி, 1970களில் முதல்வராகவும் இருந்தார். பெரியாரை உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து அவர் தலையைச் சிற்பமாக வடித்த கை அவருடையது. அல்போன்சோ தாஸ் போன்றவர்கள் அவரிடம் பயின்றவர்கள். தன் கதையை 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேதைமைக்கு அடியில் அரசு கொடுத்த முழுநேர வேலை இருந்தது. பகலில் சொல்லிக்கொடுத்து, அதே சூழலில் தன் வேலையையும் செய்யும் வாழ்க்கை அதனால்தான் அமைந்தது.

படம் விற்று மட்டும் யாரும் பிழைத்துவிடவில்லை. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சோழமண்டலம் உருவானபோது, நிலம் வாங்கப் பணம் தந்தது பத்திக் துணி விற்பனை. கைத்தொழில் சோறு போட்டது, கலை மூச்சுவிட்டது. இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. 18 தொழில்கள், குயவர், சிற்பி, பொம்மை செய்பவர் எல்லாம் பட்டியலில் உண்டு. குடும்பவழித் திறனை வலுப்படுத்துவதும், குரு சிஷ்ய பரம்பரையும் அதன் நோக்கம். இந்த வடிவில் ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு மறுத்தது. சரியான முடிவு, வரவேற்கிறோம். ஆனால் அப்பனிடம் கற்க வேண்டாம் என்றால் யாரிடம் கற்பது? ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுத்தர, அப்பனும் அல்லாத, சாமியாரும் அல்லாத ஒரே ஆள் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர்தான். அவரை அரைநாளாக்கிவிட்டுக் குலக்கல்வியை எதிர்க்கிறோம் என்றால், எதிர்ப்பும் அரைநாள்தான்.

அதையும் தாண்டி ஒரு பிள்ளை ஓவியம் படிக்க ஆசைப்பட்டால்? அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையில், இல்லையென்றால் கும்பகோணத்தில். சென்னையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது, அங்கே படிக்கக் காசு வேண்டும். எனவே கேட்பது இரண்டு. பகுதிநேர ஆசிரியர்களை முழுநேரமாக்கி நிரந்தரம் செய்யுங்கள். இத்தனை கம்பெனிகளுக்கு நிலம் எடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு கவின்கலைக் கல்லூரிக்கும் நிலம் எடுங்கள். தொரப்பள்ளியிலேயே கட்டினாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.