நெஞ்சுவலிக்கும் டிஸபிலிட்டி உண்டு

திருச்சி கன்டோன்மென்ட்டில் மேஜர் சரவணனுக்கு நினைவிடம் இருக்கிறது. பிகார் ரெஜிமென்ட்டில் பணிபுரிந்து, 1999 மே 29 அன்று கார்கில் போரில் படாலிக் பகுதியில் உயிர்துறந்தவர். வீர் சக்ரா பெற்றவர். காந்தி மார்க்கெட்டில் இன்னொரு கல், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து போன 302 பேரில் 41 பேர் மாண்டார்கள் என்கிறது. திரும்பி வந்த மற்ற 261 பேரும் எப்படிப்பட்ட உடம்போடு வந்தார்கள் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

குண்டடி பட்டவரை ஊர் புரிந்துகொள்ளும். இருபது வருஷம் சர்வீஸ் போட்டுவிட்டு, இதயக் குழாயில் ஸ்டென்ட்டோடு உறையூருக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ திரும்புகிற ஹவில்தாரை அப்படிப் புரிந்துகொள்வதில்லை. கேன்டீன் வரிசையிலும் பாலிகிளினிக் பெஞ்சிலும் அவர் காதில் விழுவதெல்லாம் ஒரே பேச்சுதான். “ஹார்ட்டுக்கெல்லாம் டிஸபிலிட்டி பென்ஷன் தரமாட்டாங்கண்ணே. அது எல்லாருக்கும் வர்ற வியாதி. போர்டுல எழுதிட்டாங்கன்னா அவ்வளவுதான்.” இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் முன்னாள் படைவீரர்களே. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. யாரோ ஒருவர் கேட்டுக் கிடைக்காமல் போனதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு மனுவே போடாமல் விட்டவர்கள் இந்த ஊரில் நிறைய. அதனால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், “எல்லாருக்கும் வருகிற வியாதி” என்பது.

உண்மைதான், எல்லாருக்கும் வருகிறது. சட்டம் கேட்பது அதையல்ல. 1961ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறையின் 173ஆம் விதி கேட்பவை இவை: இந்தப் பாதிப்பு படைப்பணியால் வந்ததா, அல்லது வேறு காரணத்தால் வந்து படைப்பணியால் முற்றியதா? இரண்டில் ஒன்று இருந்தால் போதும். பாதிப்பின் அளவு 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதய நோய்க்கு மருத்துவ வாரியம் வழக்கமாகப் போடும் கணக்கு அந்த 20ஐத் தாண்டிவிடும். வெறும் ரத்தக் கொதிப்புக்கே 30 போடுவது வாடிக்கையாக இருந்தது. ஆகவே தகராறு சதவீதத்தில் வருவதில்லை. “பணியால் வந்ததுமல்ல, முற்றியதுமல்ல” என்று வாரியம் எழுதும் ஒற்றை வரியில் வருகிறது. ராணுவத்தில் அதன் ஆங்கிலச் சுருக்கம் ‘நானா’.

அந்த ஹவில்தார் படையில் சேர்ந்தபோது எப்படி இருந்தார்? ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடினால்தான் முழு மதிப்பெண். பிறகு மருத்துவர்கள் தலைமுதல் கால்வரை பார்க்கிறார்கள். குறை ஏதும் எழுதாமல் எடுத்துக்கொள்கிறார்கள். அதன்பின் பதினெட்டிலிருந்து நாற்பது வயதுவரை அவருடைய சாப்பாடு, தூக்கம், இருப்பிடம், விடுப்பு எல்லாவற்றையும் படைதான் தீர்மானிக்கிறது. காவிரிக்கரையில் வளர்ந்தவரை 12,000 அடிக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே பிராணவாயு குறைவு. உடம்பு சிவப்பணுக்களைப் பெருக்குகிறது, ரத்தம் கெட்டிப்படுகிறது, உறையும் அபாயம் கூடுகிறது. குளிரில் குழாய்கள் சுருங்குகின்றன. மலையேறும் வீரர்களைப் பல நாள் படிப்படியாகப் பழக்கிய பிறகே மேலே அனுப்ப வேண்டும் என்று ராணுவம் தானே விதி வைத்திருக்கிறது. உயரம் உடம்பை ஒன்றும் செய்யாது என்றால் அந்த விதி எதற்கு?

இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் வேறு. மாரடைப்பு வழக்குகளில் வாரியம் ‘14 நாள் பணிப் பட்டியல்’ என்ற ஒன்றைப் பார்க்கும். நெஞ்சுவலி வந்த நாளுக்கு முந்தைய 14 நாளும் அவர் என்ன வேலை பார்த்தார் என்று யூனிட் எழுதி அனுப்ப வேண்டும். ராணுவ மருத்துவர்களுக்கான ஓய்வூதிய வழிகாட்டி சொல்லும் முறை இது. அந்த 14 நாளில் கடும் உழைப்போ, ஆபத்தான பணியோ இருந்தால் சாதகம். ஸ்டோரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் என்று வந்தால் பாதகம். ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது 14 நாளில் நடப்பதா? அது பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். கடைசி இரண்டு வாரம் தூண்டுதலை மட்டுமே காட்டும்; நோய் வளர்ந்த காலத்தைக் காட்டாது. இருபது ஆண்டில் எட்டு ஆண்டு எல்லையிலும் காஷ்மீரிலும் கழித்தவருக்கு, கடைசி ஆண்டு செகந்திராபாத்தில் வலி வந்தது என்பதற்காக அந்த எட்டு ஆண்டும் இல்லாமல் போய்விடாது. மனு எழுதுபவர் முதலில் எழுத வேண்டியது தன் முழு போஸ்டிங் வரலாறு. எந்த ஆண்டு, எந்த இடம், ஃபீல்டா பீஸா (களமா, அமைதிப் பகுதியா), எத்தனை மாதம் என்று எல்லாம் வர வேண்டும். அதே வழிகாட்டி, பணி நெருக்கடியால் நோயைக் கண்டறியவோ சிகிச்சை தரவோ தாமதமானாலும் ‘பணியால் முற்றியது’ என்று கொள்ள இடம் தருகிறது. முன்னணிக் காவல்சாவடியில் வந்த வலிக்கு ‘வாய்வு’ என்று மாத்திரை கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் ஹெலிகாப்டரில் இறக்கியிருந்தால் அந்த மூன்று நாளும் மனுவில் வர வேண்டும்.

இதயத்துக்கும் படைப்பணிக்கும் உள்ள உறவு நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் படபடப்பையும் மூச்சிரைப்பையும் பற்றி ஜேக்கப் டா கோஸ்டா 1871இல் எழுதினார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு இதே குறைபாடு பெரிய தலைவலியாகி, தாமஸ் லூயிஸ் 1918இல் தனி நூலே எழுதினார். அவர்கள் பார்த்தது குழாய் அடைப்பை அல்ல, வேறு கோளாறு. ஆனாலும் போர்க்களத்தின் பாரம் காயமில்லாத நெஞ்சிலும் இறங்கும் என்பது அப்போதே பென்ஷன் அதிகாரிகளுக்குத் தெரியும். 1943இல் பிரிட்டன், நிரூபிக்கும் சுமையை வீரர் தலையிலிருந்து இறக்கி அரசின் தலையில் வைத்தது. நம்முடைய 1982 தகுதி விதிகளும் அதே வழியில்தான் போயின: கேட்பவர் நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் வந்தால் பலன் அவருக்கே, ஃபீல்டில் இருந்தவருக்கு இன்னும் தாராளமாக.

“பீஸ் ஸ்டேஷன்ல வந்துச்சு, அதனால கிடையாது” என்பது அடுத்த பேச்சு. இதை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. நோய் தெரிந்த இடம் அமைதிப் பகுதி என்பது மட்டுமே மறுக்கப் போதுமான காரணமல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘வாழ்க்கைமுறை நோய்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் காரணம் சொன்னதாகாது என்றது. புகை, எடை என்று அந்த வீரரைப் பற்றிய குறிப்பான காரணம் இருந்தால் ஆவணத்தோடு எழுதட்டும். அதைக் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. பொதுச் சொல் ஒன்றைப் போட்டு ஒரு மனிதரின் கதவை அடைக்கத்தான் உரிமை இல்லை.

“போர்டு எழுதினா முடிஞ்சது” என்பதற்கு வருவோம். 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கு நேர் எதிர். சேரும்போது குறிப்பு எதுவும் இல்லையென்றால் ஆரோக்கியமாகச் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றால் அதைக் காட்ட வேண்டியது அரசு. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று வாரியம் கருதினால் அதற்கும் காரணம் எழுத வேண்டும். அது வலிப்பு நோய் வழக்கு. ஆனாலும் இதய நோய், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு வழக்குகள் எல்லாம் அதன் தோளில் ஏறித்தான் நடக்கின்றன.

இந்த வாதத்துக்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. மனு போடுபவரிடம் அதை மறைப்பது துரோகம். 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், மனநோயை ஆள்சேர்ப்பு முகாமில் கண்டுபிடிக்க முடியாது, மருத்துவ வாரியத்தின் கருத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்று சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளியது. பதினெட்டு வயதுப் பையனின் ரத்தக்குழாயை மட்டும் முகாமில் பார்க்க முடியுமா என்று அரசு வக்கீல் கேட்கலாம். 2008இல் வந்த தகுதி விதிகளும், பணிக்காலத்தில் நோய் வெளிப்பட்டது என்பதாலேயே பணிதான் காரணம் என்றாகிவிடாது எனச் சொல்கின்றன. ஆகவே ‘சேரும்போது நன்றாக இருந்தேன்’ என்ற ஒரு வரியை மட்டும் நம்பி சென்னைப் படைவீரர் தீர்ப்பாயத்துக்குப் போகக் கூடாது. போஸ்டிங் வரலாறும், சிகிச்சைத் தாமதமும், உடல்தகுதி குறைந்தவர் என்று லோ மெடிக்கல் கேட்டகிரியில் வைத்த பிறகும் கொடுத்த கடின வேலையும் கூடவே போக வேண்டும். வாரியம் காரணம் எழுதாமல் விட்டிருந்தால் அதுதான் வழக்கின் முதுகெலும்பு.

“நான் முழு சர்வீஸ் முடிச்சுத்தானே வந்தேன், பாதியில அனுப்பலையே” என்று தயங்குபவர்கள் ஏராளம். மருத்துவக் காரணத்தால் பாதியில் வெளியேற்றப்பட்டவருக்கு மட்டும்தான் என்பது பழைய கதை. முழுக்காலம் முடித்தவருக்கும், 2006 ஜனவரி 1க்குப் பிறகு தானே விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் டிஸபிலிட்டி பங்கு உண்டு. சதவீதத்தை மேல்படிக்கு உயர்த்தும் முறை 1996 முதல் இருக்கிறது: 50க்குக் கீழ் இருந்தால் 50, 50 முதல் 75 வரை இருந்தால் 75, அதற்கு மேல் 100. முழுக்காலம் முடித்தவருக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு கட்டியது. நூறு சதவீதப் பாதிப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் கிடைக்கும். கடைசிச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால் அது 15,000. 30 சதவீதப் பாதிப்புக்கு 4,500. அது 50 ஆக உயரும்போது 7,500. அகவிலைப்படி தனி. சர்வீஸ் பென்ஷனுக்கு மேல் மாதாமாதம் வருகிற தொகை இது. இதய மாத்திரை சாப்பிடும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையல்ல.

2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் நடப்பில் இருக்கின்றன. பணி முடித்து வருபவருக்கு இனி டிஸபிலிட்டி பங்கு என்ற பெயர் இல்லை. ‘குறைபாட்டு நிவாரணம்’ என்கிறார்கள். புது விதி அந்தத் தேதிக்கு முன் வெளிவந்தவர்களைத் தொடாது. “ரூல் மாறிடுச்சு, இனி கேட்டுப் பிரயோஜனமில்ல” என்று 2015இல் வந்தவரிடம் சொல்வது தப்பு.

இனி உறவுக்காரர்களின் வாதம்: “ஸ்டென்ட் வெச்சாச்சு, நல்லா நடமாடுறார், ஈசிஎச்எஸ்ல மருந்து சும்மா வருது. அப்புறம் என்ன ஊனம்?” அம்மாமண்டபம் சாலையில் காலையில் நடப்பதைப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்கிறார்கள். மலைக்கோட்டையின் நானூறு சொச்சம் படிகளை அவர் ஏறிக் காட்டட்டும் என்று யாரும் கேட்பதில்லை. இதய நோயின் ஊனம் உட்கார்ந்திருக்கும்போது தெரியாது, உழைக்கும்போது தெரியும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறை இதை நேரடியாகவே அளக்கிறது. எவ்வளவு உழைப்பில் மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ வருகிறது என்று ‘மெட்’ என்ற அலகில் பார்க்கிறார்கள். 3 மெட்டுக்குள்ளேயே வந்தால் 100 சதவீதம், 5 வரை 60, 7 வரை 30, 10 வரை 10. வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்சு ரசாயனம் பட்டவர்களுக்கு வரும் இதயக் குழாய் நோயை 2010இல், பணியால் வந்ததாகவே கொள்ளும் நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை அந்த வீரர் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. நம் வீரர் டிரெட்மில் சோதனையும் எக்கோவும் எடுத்திருந்தால் அந்தத் தாள்களை மனுவோடு இணைக்கலாம். முன்னாள் படைவீரருக்கான ஈசிஎச்எஸ் திட்டம் மருத்துவம் தருகிறது. அது 2003இல் சந்தா கட்டும் திட்டமாகவே தொடங்கியது. டிஸபிலிட்டி பென்ஷன் அவர் இழந்த உழைப்புத் திறனுக்கு ஈடு. இரண்டும் வேறு.

“எல்லாரும் ஏமாத்துறாங்க” என்பதை நான் முழுக்க மறுக்கவில்லை. ஜவான்களைவிட அதிகாரிகளே அதிக விகிதத்தில் டிஸபிலிட்டியோடு ஓய்வு பெறுகிறார்கள் என்று தணிக்கைத் துறையே சுட்டிக்காட்டியது. அதை விசாரிக்கட்டும். ஆனால் ஆவணம் சேர்க்கவும் மேல்முறையீடு எழுதவும் தெரிந்தவர்களுக்குக் கிடைத்து, தெரியாத நாயக்குக்கும் ஹவில்தாருக்கும் கிடைக்காமல் போவதுதான் அந்த விகிதத்தில் நான் பார்க்கும் அநியாயம். ஏமாற்றுபவரைப் பிடிப்பதற்காக உண்மையான நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்ப எந்த விதியும் சொல்லவில்லை.

கடைசியாக, “காலம் கடந்துபோச்சு” என்பது. 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்றது. தாமதமானால் நிலுவை மூன்று ஆண்டுக்கு மட்டும் கிடைக்கும், உரிமை போகாது. முதலில் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதி, வெளியேறும்போது நடந்த மருத்துவ வாரியத்தின் முழு நகலைக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகமும் பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வும் மட்டும் போதாது. மறுப்பு வந்தால் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது, அதன்பின் சென்னையில் படைவீரர் தீர்ப்பாயம். எழுத உதவி வேண்டுமென்றால் திருச்சியிலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. தள்ளிப்போட முடியாத காரணமும் ஒன்று உண்டு: 2008 விதிகளின்படி, வெளியேறிப் பதினைந்து ஆண்டு கழித்துக் கேட்டால் ஆவணங்கள் அழிந்திருக்கும் என்பதால் நிரூபிக்கும் சுமை வீரர் பக்கம் வந்துவிடுகிறது. 2012இல் வெளிவந்தவருக்கு அந்தக் கணக்கு 2027இல் முடிகிறது.