காப்பி அடிக்கறதும் ஒரு கலை பாஸ்!

குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு மலை ரயில்ல போறப்போ, வெலிங்டன் தாண்டினதும் அருவங்காடு வரும். ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கற நம்ம மக்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும், நூறு வருஷத்துக்கும் மேல பழசான கார்டைட் ஃபேக்டரி அங்கேதான் இருக்குன்னு? கார்டைட், 1889-ல் பிரிட்டனில் உருவான, புகை குறைவான துப்பாக்கி மருந்து.

இந்த மாதிரி மருந்துகள் வந்ததும் மாட்டிக்கிட்டு முழிச்ச ஹீரோ, கௌபாய் படங்களில் வருமே, அந்த லீவர் ரைஃபிள். 'டெர்மினேட்டர் 2'-ல் அர்னால்டு பைக்ல போய்க்கிட்டே சுத்துவாரே, அது ஷாட்கன். அதுக்கு அண்ணன் வின்செஸ்டர் 1873 ரைஃபிள். இதை இத்தாலியில் உபெர்ட்டியும், ஜப்பானில் மிரோக்குவும் இன்னிக்கும் நகல் எடுக்கறாங்க.

நகலுக்கு எப்படி மார்க் போடறது? மரமும் இரும்பும் சேர்ற இடத்தில் இடைவெளி தெரியக் கூடாது. லீவரை இறக்கினா காலித் தோட்டா வெளியே, ஏத்தினா புதுசு உள்ளே... நடுவுல எங்கேயும் சிக்கக் கூடாது. மூடின லீவர் லொடலொடன்னு ஆடக் கூடாது. தோட்டா போடற வாசல் கட்டைவிரலைக் கிழிக்கக் கூடாது.

ஆனா, நிஜமான வைவா உள்ளேதான். 1873-ன் பூட்டு நம்ம கால் முட்டி மாதிரி. நீட்டி நிமிர்ந்தா லாக். அன்னிக்கு இருந்த கறுப்பு மருந்துக்கு அது போதும். அதோட .44-40 தோட்டாவுக்கு இன்னிக்கு வெச்சிருக்கற லிமிட், சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்ட் அழுத்தம். 1895-ல் புகை குறைந்த மருந்தோட வந்த .30-30 தோட்டாவுக்கு 42,000! முட்டி தாங்குமா? ஜான் பிரவுனிங், 1892 மாடலில் ரெண்டு எஃகுத் தாழ்ப்பாளே போட்டார்.

நல்ல கம்பெனி, 1873 நகலுக்கு இன்றைய உசத்தியான எஃகைப் போடும். ஆனாலும், முட்டி முட்டிதான்னு புரிஞ்சு, அதுக்குத் தகுந்த தோட்டாவோட நிறுத்திக்கும். மிரோக்கு தன்னோட 1892 நகலில், அசலில் இல்லாத சேஃப்டி பட்டனைச் சேர்த்தது. 'ஒரிஜினல் லுக் போச்சே'ன்னு ரசிகர்கள் முணுமுணுக்கறாங்க. என் மார்க் அந்தப் பட்டனுக்குத்தான்!

சீனியர் ரெக்கார்டை ரீடிங்கோட சேர்த்து அப்படியே இறக்கற மக்களே... அந்த ரீடிங் ஏன் வந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க. ரெக்கார்டில் தப்பினா சிவப்பு மையோட போச்சு. ரைஃபிளில் தப்பினா? பூட்டுக்குப் பக்கத்தில் இருக்கறது சுடறவரோட கன்னம்!