கடல் அட்சயபாத்திரம் அன்று

கடலை அள்ள அள்ளக் குறையாத பாத்திரமாகப் பாடுவது நம் எழுத்தாளர்களின் நெடுநாள் வழக்கம். கவிதையில் அது இருந்துவிட்டுப் போகட்டும். அதையே மீன்வளக் கொள்கையாகப் பேசுவோரிடம்தான் எனக்கு வழக்கு. அவர்கள் ட்ரோக்கஸ் என்னும் கடல் நத்தையின் வாழ்வைச் சற்றே அறிதல் நலம்.

இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெப்பப் பகுதிப் பவளத்திட்டுகளில் வாழும் கூம்பு வடிவ நத்தை இது. இரவில் வெளிவந்து பாறைமேல் படர்ந்த பாசியை மேயும். இறைச்சி தீவுவாசிகளுக்கு உணவு. முத்தொளி வீசும் ஓடு சட்டைப் பொத்தான். 1950களில் பிளாஸ்டிக் பொத்தான் பெருகி இதன் சந்தையைச் சாய்த்தது உண்மையே. ஆனால் அத்தோடு ஆபத்து நீங்கியது என்பது தவறு. விலையுயர்ந்த சட்டைகள் இன்றும் ஓட்டுப் பொத்தானை நாடுகின்றன.

இதைப் பிடிக்க வலையும் தூண்டிலும் வேண்டா. ஆழமற்ற திட்டில் நடந்தோ, மூச்சடக்கி மூழ்கியோ கையால் பொறுக்கிவிடலாம். ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரில் கலக்கவிடுகின்றன. நத்தைகள் அருகருகே வாழாவிடில் கருவுறுதல் அரிது. லார்வா மிதந்து திரிவதும் சில நாட்களே. ஆகவே ஒரு திட்டைத் துடைத்தெடுத்துவிட்டால், தொலைவிலுள்ள திட்டு அதை நிரப்பும் என்று நம்ப இடமில்லை.

'சரக்குக் குறைந்தால் சந்தையே பிடிப்பை நிறுத்திவிடும்' என்பது அடுத்த வாதம். ஓடு வாங்கும் வணிகர் வேறு தீவுக்குப் போய்விடுவார். மூழ்கிப் பிழைத்தவர் எங்கே போவார்? வணிகரின் கணக்கில் அவர் இடம்பெறுவதே இல்லை.

அப்படியாயின் தொடவே கூடாதா? நான் அவ்வாறு சொல்லவில்லை. குக் தீவுகளின் ஐடுடாகியில் இந்நத்தை இயல்பாக இருந்ததில்லை. 1957இல் ஃபிஜியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகிய பின்னரும் கண்டபடி அள்ளவில்லை. திட்டை மூடிவைக்கும் 'ராஉயி' என்னும் மரபுத் தடையைப் பின்பற்றி, தீவு மன்றம் குறித்த நாட்களில் மட்டும், குறித்த அளவுக்கே எடுத்தார்கள். சிறியவை முட்டையிட வளரவேண்டும். மிகப் பெரிய பெண் நத்தைகளோ மிகுதியாக முட்டையிடுபவை. இரண்டையும் விட்டுவைத்து இடைப்பட்டவற்றை எடுப்பதே அங்கே விதி.

அளவுகோலும் நாட்காட்டியும் கொண்டு ஒரு சிறு தீவு இதைச் செய்ய முடிந்தது. மீன்வளக் கொள்கை வகுப்போர் வற்றாத கடலைப் பற்றிய பேச்சை விட்டு, எந்தத் திட்டில் எத்தனை மிஞ்சியுள்ளன என்று முதலில் எண்ணட்டும்; எடுப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம்.