மேய்ப்பதும் ஒரு படிப்பே

"படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்!" பள்ளி நாள்களில் இந்த வசையைக் கேளாதவர் நம்முள் யார்? எனக்கு அது சற்று அதிகமாகவே உறைத்தது. என் தந்தையார் காங்கேயம் பக்கம் பிறருடைய கொறங்காட்டைக் குத்தகைக்குப் பிடித்து ஆடுமாடு மேய்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நான் ஒருவனே.

கொறங்காட்டைத் தரிசு என்று எண்ணிவிடாதீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். மழைக்குப்பின் புல் தழைக்கும்வரை பொறுத்து, ஒரு காடு மேய்ந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவார் அப்பா. கோடையில் புல் கருகினால் வெள்வேலங்காய் கைகொடுக்கும். புல்லடியில் கௌதாரி முட்டையிடும். எத்தனை உருப்படி, எத்தனை நாள் என்னும் கணக்கெல்லாம் அவர் மனத்தில். அதையே சூழலியல் பாடத்தில் 'தாங்குதிறன்' என்று மனப்பாடம் செய்து நான் மதிப்பெண் வாங்கினேன். அவருக்கு யார் மதிப்பெண் போட்டார்கள்?

மேய்ச்சல் வனவிலங்குகளுக்குப் பகை என்பர். அளவு மீறினால் பகைதான், மறுக்கவில்லை. ஆனால் இராஜஸ்தானத்துப் பரத்பூர் பறவைப் பூங்காவைப் பாருங்கள். 1982-ல் அங்கே மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த ஊரார்மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பிறகு நடந்ததென்ன? எருமைகள் இல்லாமல் சதுப்பெங்கும் புல் அடர்ந்து, நீர்ப்பறவைகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டு ஆராய்ந்து, தடையால் கேடே விளைந்தது என்று கண்டது. முன்பே புல்லை அளந்து சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால்!

அந்த ஆளாக ஆவதே என் விருப்பம். கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்க்கிறார். வனத்துறையார் மரத்தைப் பார்க்கிறார். நடுவிலுள்ள புல்லை யார் பார்ப்பது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேய்ச்சல் நில மேலாண்மை தனிப் பட்டப்படிப்பு. நம் நாட்டிலும் ஜான்சியில் 1962 முதல் புல், தீவன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாவரவியல் படித்தவர் இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம். வங்கித் தேர்வுக்கு மட்டுமே வழிகாட்டும் நம் பேராசிரியப் பெருமக்கள் இதையும் சொன்னால் என்ன? களப்பயணத்துக்கு உதகைக்குத்தான் போக வேண்டுமா, ஒரு கொறங்காட்டுக்குப் போகலாகாதா?

வீட்டில் இதைச் சொன்னபோது, "ஏஞ்சாமி, மேய்க்கறதுக்கா உன்னையக் காலேசுக்கு அனுப்புனேன்?" என்றார் அப்பா. எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள், செடி எண்ணும் மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். அதை முதலில் எங்கே வைக்க வேண்டும் என்று அவர்தான் காட்டினார்.

— இளம் அறிவியல் தாவரவியல், இரண்டாம் ஆண்டு