விழா அவங்களுது, கரை யாருது?

புக்கெட் தீவுக்கு டூர் கிளம்புறவங்க முதல்ல கேக்குறது, "எந்த மாசம் போனா என்ன விழா இருக்கும்?" இதுக்குப் பெரிய லிஸ்ட்டே உண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான். செப்டம்பர் கடைசி இல்லன்னா அக்டோபர்ல ஒன்பது நாள் சைவ உணவுத் திருவிழா. பெரும்பாலும் நவம்பர்ல லோய் கிரதோங். டிசம்பர்ல, 1987-ல் ஆரம்பிச்ச கிங்ஸ் கப் பாய்மரப் படகுப் போட்டி. எங்கேயோ ஓரத்துல "கடல் ஜிப்சிகள் படகு மிதக்கவிடும் விழா"ன்னு ஒரு வரி.

என் சண்டை அந்த ஒரு வரியோடதான்.

முதல்ல, அவங்க பேரு ஜிப்சி இல்லைங்க. உராக் லாவோய். அவங்க மொழியில கடல் மக்கள்னு அர்த்தம். ராவாய் கடற்கரையிலயும் சிரே தீவுலயும் மீன்பிடிச்சு வாழுறவங்க. தாய்லாந்து சந்திர நாட்காட்டியில ஆறாவது மாசமும் பதினோராவது மாசமும் பௌர்ணமியை ஒட்டி ஒரு படகு செய்வாங்க. அதுல தலைமுடி, நகத்துண்டு எல்லாம் வச்சு, சுத்தி ஆடிப்பாடி, கடல்ல விட்டுடுவாங்க. பிடிச்ச பீடை அதோட போயிடும்னு நம்பிக்கை.

சரி, மேட்டருக்கு வருவோம். படகு விடுறாங்களே, அந்தக் கரை யார் பேர்ல இருக்கு?

ராவாய்ல தலைமுறை தலைமுறையா இருந்த நிலத்துக்கு வேற ஆளுங்க பட்டா வச்சிருக்காங்க. காலி பண்ணச் சொல்லி கோர்ட்ல கேஸ். நாங்க இங்கேயே இருந்தவங்கன்னு நிரூபிக்க, 1959-ல் மன்னர் பூமிபோல் அங்கே வந்தப்போ எடுத்த படங்களைக் காட்ட வேண்டியிருந்தது. மண்ணைத் தோண்டி, முன்னோர் எலும்புல டி.என்.ஏ. சோதனை வரைக்கும் போச்சு. இவங்க வாழ்க்கை முறையைக் காப்பாத்தணும்னு அமைச்சரவை தீர்மானம் போட்டது 2010 ஜூன்ல. 2016 ஜனவரியில, கடலுக்கும் கும்பிடுற இடத்துக்கும் போற பாதையை மறிக்க ஆளுங்க வந்து கைகலப்பாகி, பலருக்குக் காயம். தீர்மானத்தோட லட்சணம் இவ்வளவுதான்!

"டூரிஸ்ட் வந்தா அவங்களுக்கும் வருமானம்தானே?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். நானும் பி.காம். படிக்கிறவன்தான், கணக்காவே பாப்போம். டூரிஸ்ட் கூட்டம் ஏற ஏற கடற்கரை நிலத்தோட விலை ஏறும். அந்த லாபம் பட்டா வச்சிருக்கவன் கணக்குல வரவு. குடியிருக்கவனுக்கு? விலை ஏறுனதால அவனைக் கிளப்பிவிட இன்னொரு காரணம், அவ்வளவுதான். விழா அவனோட முதலீடு, லாபம் வேற ஆளுக்கு. இந்த மாதிரி பேலன்ஸ் ஷீட்டை எந்த வாத்தியாரும் டிக் பண்ண மாட்டார்.

அதே தீவுல சைவத் திருவிழாவைப் பாருங்க. 1825-ல் கத்து ஊர்ல சீனத் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் மத்தியில ஆரம்பிச்சதா சொல்றாங்க. கன்னத்துல கம்பி குத்திக்கிட்டு வர்ற ஊர்வலத்தைப் பாக்க ஏகப்பட்ட கேமரா வருது. ஆனா விழா கேமராவை நம்பி இல்லை. கோயிலும் அவங்க கையில, நிர்வாகமும் அவங்க கையில. யாரும் வரலைன்னாலும் மஞ்சள் கொடி பறக்கும், கறி இல்லாத சாப்பாடு வேகும். ரெண்டு விழாவுக்கும் நடுவுல இருக்கிறது பக்தி வித்தியாசம் இல்லைங்க, பட்டா வித்தியாசம்.

டூர் லிஸ்ட் போடுற புண்ணியவான்களே, அந்த வரியை எடுக்கச் சொல்லலை. பேரைச் சரியா போடுங்க. பக்கத்துலயே இன்னொரு வரி சேருங்க: "இவங்க நிலத்துக்குப் போராடிக்கிட்டு இருந்தவங்க." அங்கே போற மக்கா, நீங்களும் கேட்டுட்டு படம் எடுங்க, மீனை அவங்ககிட்டயே வாங்குங்க. கடல்ல விட்ட படகு திரும்பி வரக் கூடாதுன்னுதான் அவங்க வேண்டுதல். திரும்பி வர அவங்களுக்கு ஒரு கரை வேணும்ல?