இலவசப் பாடம் என்னும் சாக்கு

"இப்ப எல்லாம் போனிலேயே கிடக்குது. படிக்கிற பிள்ளை எங்க இருந்தும் படிக்கும், படிக்காட்டி அது பிள்ளைட பிழைதான்" என்று, திருகோணமலை லிங்கநகரில் அண்மையில் கூடிய ஒரு கூட்டத்திலே பெரியவர் ஒருவர் எழுந்து நின்று சொன்னார். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்க ஓர் உபாத்தியாயரை அமர்த்தலாமா, அவருக்குரிய வேதனத்தை எவ்வாறு திரட்டலாம் என்று யோசிப்பதற்காகக் கூடிய கூட்டம் அது. பெரியவர் பேசி அமர்ந்ததும் சபையிலே பலர் தலையசைத்தார்கள். யோசனையும் அத்தோடு கைவிடப்பட்டது. இதே பேச்சை நான் கலியாண வீட்டிலே கேட்டிருக்கிறேன், பரிசளிப்பு விழா மேடையிலே கேட்டிருக்கிறேன், தம் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டே அறியாதவர்கள் பிறர் பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இடங்களிலெல்லாம் கேட்டிருக்கிறேன். இணையத்தில் எல்லாப் பாடமும் இலவசமாகக் கிடைப்பதால் ஏழைப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளைக்கும் இனிப் பேதமில்லை என்னும் இந்த அபிப்பிராயத்தை, நம் காலத்தின் மூடநம்பிக்கைகளுள் முதலாவது என்றே நான் சொல்லுவேன்.

இதனை மறுப்பதற்கு நெடுந்தூரம் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. இந்த இலவசத்தின் ஊற்றுக்கண்ணாகிய ஸ்தாபனத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் பாடங்கள் அனைத்தையும் உலகத்தார் எவரும் காசு கொடாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று 2001ஆம் ஆண்டிலே அறிவித்து, 2007ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 1,800 பாடங்களை இணையத்தில் ஏற்றிவைத்தது. கணிதம், பௌதிகம், இரசாயனம், பொருளியல், இயந்திரவியல் என்று அங்கே இல்லாத சாத்திரம் இல்லை. அவ்வளவையும் வாரி வழங்கிய பின்னர் அந்தக் கழகம் தன் வகுப்பறைகளைப் பூட்டிவிட்டதா? பேராசிரியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டதா? இல்லை. அங்கே ஆண்டொன்றுக்கு விதிக்கப்படும் கட்டணம் இன்று 60,000 டாலரைத் தாண்டி நிற்கிறது; விண்ணப்பிப்போரில் நூற்றுக்கு ஐவர்கூட அனுமதி பெறுவதில்லை. வீட்டிலிருந்தபடியே சும்மா பெறக்கூடிய அதே பாடத்துக்காக, உலகத்தின் மிகக் கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த வாசலிலே முண்டியடித்து நிற்கிறார்கள். பாடத்தைத் தானமாகக் கொடுத்த அந்தக் கழகம், பாடத்தைப் போதிக்கும் மனிதர்களைத் தானமாகக் கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த உண்மை லிங்கநகர்ப் பெரியவருக்கும் அவருக்குத் தலையசைத்தவர்களுக்கும் தெரியவில்லை.

அந்த உண்மை யாதென்பதை நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் கொப்பியிலேயே காட்டலாம். பதினொராந் தரத்துச் சிறுமி, கெட்டிக்காரி, தாயின் தொலைபேசியில், கண்ணாடி வெடித்த திரையிலே, எளிய சமன்பாடுகளைப் பற்றிய காணொளியைப் பலமுறை ஓடவிட்டுப் பார்த்தவள். "விளங்குது சேர், ஆனா நான் செய்தா விடை வருகுதில்ல" என்று கொப்பியை நீட்டினாள். ஐந்திலிருந்து ஒரு கோவையின் இருமடங்கைக் கழிக்க வேண்டிய கணக்கு. அடைப்பை நீக்கும்போது உள்ளேயிருந்த சய, சகவாக மாறியிருக்க வேண்டும். அவள் அதைச் சயவாகவே எழுதி, ஐந்து என்று வரவேண்டிய விடையைச் சய ஒன்று என்று முடித்திருந்தாள். ஒரு பக்கம் முழுவதும் அதே பிழை. அந்த வரியிலே விரலை வைத்து, "இந்தச் சய ஆரைப் பெருக்குது, பார்" என்று நான் கேட்ட மாத்திரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது; அடுத்த கணக்கு முதற்கொண்டு பிழையே இல்லை. காணொளியிலே பேசிய ஆசிரியர் திறமையானவர்தாம். அவர் சொன்னதிலே குற்றம் ஏதும் இல்லை. ஆனால் அவர் இவள் கொப்பியைப் பார்க்கவில்லை. எத்தனை முறை ஓடவிட்டாலும் பார்க்கப்போவதுமில்லை. கற்பித்தல் என்பது சொல்லுவது மாத்திரம் அன்று. கேட்டவள் எங்கே இடறினாள் என்று கண்டுபிடிப்பதே அதன் சரிபாதி. மருந்துக்கடையின் சாவியை நோயாளியின் கையிலே கொடுத்துவிட்டு வைத்தியரை வேலையிலிருந்து நீக்குவது எவ்வாறோ, அவ்வாறே இருக்கிறது பாடங்களைக் குவித்துவிட்டு உபாத்தியாயரை வேண்டாம் என்று சொல்லுவதும்.

என் சொல்லை நம்பாதவர்கள் அந்த மசாசூசெட்ஸ் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் சொல்லுவதையாவது நம்பட்டும். அக்கழகமும் ஹார்வர்ட் சர்வகலாசாலையும் 2012 முதல் 2018 வரை இணைய வழியே நடத்திய வகுப்புக்களைப் பரிசோதித்து, 2019ஆம் ஆண்டிலே 'சயன்ஸ்' சஞ்சிகையில் அவர்கள் எழுதினார்கள். பெயரைப் பதிந்தவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. முடிவிலே, பதிந்த நூறு பேரில் ஏறக்குறைய மூவரே பாடத்தை முடித்தார்கள். சேர்ந்தவர்களிலும் பெரும்பான்மையோர் செல்வ நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலகத்துக்கெல்லாம் கல்வியைச் சமமாக்கும் என்று முழக்கமிடப்பட்ட சாதனம், ஏற்கெனவே கல்வியும் வசதியும் உடையவனுக்கே பின்னும் கொடுத்தது. எஞ்சிய தொண்ணூற்றேழு பேரும் சோம்பேறிகள் என்று சொல்ல எவருக்கு நா எழும்?

அந்தத் தொண்ணூற்றேழு பேரிடையே நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளமும் தொலைக்காட்சிப் பாடமும் வாட்சப் குழுக்களும் போதும் என்றார்கள். ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளை நான் அறிவேன். தகப்பன் வேலைக்குப் போகும்போது பாடமும் அவர் சட்டைப்பையோடு போய்விடும். நாட்டின் உட்பகுதிக் கிராமங்களிலே பிள்ளைகள் சிக்னலைத் தேடிப் பாறை மீதேறிப் படித்த படங்களை 2021இல் உலகம் முழுவதும் பார்த்தது. பார்த்தவர்களில் சிலர் அதைப் பிள்ளைகளின் விடாமுயற்சி என்று மெச்சினார்கள், வெட்கப்பட வேண்டிய இடத்தில் மெச்சினார்கள். 2022ஆம் ஆண்டிலே மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை துண்டிக்கப்பட்டபோது, இந்த இலவசக் கல்விச் சமுத்திரம் எந்தத் திரையிலே பொங்கிற்று? டேட்டாவுக்கு ரீலோட் போடக் காசில்லாத வீட்டிலே இலவசம் என்பதற்கு என்ன அர்த்தம்? உயர்ந்த பாடங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலே இருக்கும்போது, தமிழ் மூலம் படிக்கும் பிள்ளைக்கு முதலில் ஆங்கிலத்தைக் கற்பிப்பவர் யார்?

இலவசம், இலவசம் என்று புகழ்பவர்கள் அதனை ஆக்கிய கரங்களைப் பற்றி எண்ணுவதுமில்லை. நம் மொழியின் பழைய நூல்களை மின்னெழுத்தாக்கிய மதுரைத் திட்டம் 1998இலும், ஈழத்து எழுத்தையெல்லாம் தேடித் திரட்டும் நூலகம் 2005இலும் தொடங்கி, தொண்டர்களின் கண்வலியாலும் கைவலியாலும் வளர்ந்தவை. அவற்றுக்கு நான் நன்றியுடையவன். யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் 1981இல் எரிந்ததைக் கேட்டறிந்த எவனும் அந்தத் தொண்டின் அருமையை மறக்கமாட்டான். ஆனால் மேடையிலே இலவசத்தைப் போற்றும் பிரமுகர்களுள் எத்தனை பேர் அத்தொண்டுக்கு ஒரு ரூபாயாவது அனுப்பினார்கள்? பிற தேசத்து இலவசங்களின் கதியும் அறிந்ததே. ஹார்வர்டும் மசாசூசெட்ஸ் கழகமும் பொதுநலத்துக்கென்று 2012இலே தொடங்கிய எடெக்ஸ் என்னும் இணையப் பள்ளி, 2021இலே எண்பது கோடி டாலருக்கு ஒரு வியாபாரக் கம்பனிக்கு விற்கப்பட்டது. அக்கம்பனியோ 2024இலே கடன் சுமை தாங்காமல் வங்குரோத்து நீதிமன்றத்தை நாடிற்று. நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை இத்தகைய கைகளிலே ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாமாம்.

இந்த நாட்டிலே இலவசக் கல்வி என்பது புதிய சங்கதி அன்று. அக்காலக் கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு அது வந்தபோது, புத்தகத்தைக் கொடுத்து வீட்டிலிருந்து படி என்று எவரும் சொல்லவில்லை. கிராமங்களிலே மத்திய கல்லூரிகள் எழுந்தன, உபாத்தியாயர்களின் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. சுவாமி விபுலானந்தரைப் பாருங்கள். லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டத்தை இங்கிருந்தே படித்துப் பெற்ற அறிஞர், எல்லாரும் என்னைப் போற் படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு ஏட்டோடு இருந்துவிடவில்லை. நம் திருகோணமலையிலே இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தினார், மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். தாமாகப் படிக்க வல்ல பெரியோர்தாம் பிறருக்குப் பள்ளி வேண்டும் என்று முதலில் உணர்ந்தார்கள். இன்று கஷ்டப் பிரதேசங்களிலே கணித ஆசிரியர் இன்றிப் பிள்ளைகள் தவணை தவணையாகக் காத்திருக்கிறார்கள். மாற்றம் பெற்றுப் போனவரின் கதிரை வெறுமையாகவே கிடக்கிறது. வாசிகசாலைகளிலே நாளிதழ் வாங்கவும் பணம் ஒதுக்குவாரில்லை. அதிகாரிகளைக் கேட்டால் கையைத் தொலைபேசியின் பக்கம் காட்டுகிறார்கள். ஆளில்லாத கதிரைக்கு இணையம் என்று பெயர் சூட்டிவிட்டால், அந்தக் கதிரையை நிரப்ப வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது. பழி பிள்ளையின் தலையிலே விழுகிறது. இந்த நம்பிக்கை இவ்வளவு வேகமாய்ப் பரவியதற்குக் காரணமும் அதுவே: அது எல்லாருக்கும் வசதியானது, படிக்க வேண்டிய பிள்ளை ஒருவரைத் தவிர.

மசாசூசெட்ஸ் கழகம் பாடங்களை விட்டுக்கொடுத்து ஆசிரியர்களை வைத்துக்கொண்டது. நாமோ ஆசிரியர்களை விட்டுவிட்டுப் பாடங்களை வைத்துக்கொண்டோம். ஆகவே இனி எந்தச் சபையிலாவது ஒருவர் எழுந்து, எல்லாம் போனிலேயே இருக்கிறது என்று சொல்லுவாரானால், தலையசைக்காமல் அவரை ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் வீட்டுப் பிள்ளை இன்று மாலை எந்த ரியூசனுக்குப் போயிருக்கிறது, அதற்கு மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள்? அவர் சொல்லும் தொகையை அங்கேயே குறித்துக்கொண்டு, அதே அளவு பணத்தை லிங்கநகர்ப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும் தரும்படி கேளுங்கள்.