யோசனையும் கவனமும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் 'யோசனை' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஆராய்ந்து முடிவு காண்பதும் யோசனை. முடிவு காணாது கவலையுறுவதும் யோசனை. "ஆச்சி, ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ" என்று ஆறுதல் கூறுமிடத்துப் பின்னைய பொருளே கொள்ளப்படும். ஒரு சொல் இருபொருள் பெறுதல் தமிழாசிரியனுக்கு வியப்பன்று. ஆயின், இங்கே கவலையுறுவோர் தாம் ஏதோ ஆராய்கின்றோம் என்றே மயங்கிவிடுகின்றனர். அம்மயக்கம் அவர் உடலையும் உள்ளத்தையும் தின்கின்றது.

மடத்துவெளியில் இதனை நாள்தோறும் காண்கிறேன். 1991ஆம் ஆண்டு இடப்பெயர்வால் புங்குடுதீவு வெறுமையாயிற்று. பின்னர் மீண்டு வந்தோர் சிலர், வராதோர் பலர். பிள்ளைகள் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் கனடாவிலும் வாழ, முதியோர் இங்கே திண்ணையில் இருக்கின்றனர். 'அன்று அவனை அனுப்பாதிருந்தால்', 'அந்தக் காணியை விற்காதிருந்தால்' என்று நடந்தவற்றையே திரும்பத் திரும்ப எண்ணுகின்றனர். இதனை இரைமீட்டல் எனலாம். மாடு இரைமீட்டால் உண்டது செரிக்கும். மனிதர் துயரை இரைமீட்டால் அது செரிப்பதே இல்லை.

அமெரிக்க உளநூலறிஞர் சூசன் நோலன்-ஹோக்செமா, ஸ்ரான்போர்ட் மாணவர் 137 பேரின் மனநிலையையும் எண்ணப் பழக்கத்தையும் 1989இல் கேட்டறிந்திருந்தார். பதினான்கு நாளில் கலிபோர்ணியாவில் பெரு நிலநடுக்கம் நிகழ்ந்தது. பத்தாம் நாளிலும் ஏழு வாரத்தின் பின்னும் அம்மாணவரை மீண்டும் வினவினார். நடுக்கம் யாவர்க்கும் பொது. எனினும், துயரை இரைமீட்கும் பழக்கத்தை முன்னரே உடையவர்களிடம் மனச்சோர்வு மிகுந்து நின்றது. அவ்வாய்வு வெளியான ஆண்டும் 1991 என்பது தற்செயல்.

அங்ஙனமாயின் 'யோசியாதையுங்கோ' என்னும் நம் அறிவுரை நன்றுதானே எனலாம். நன்றன்று. குரங்கை நினையாமல் மருந்து குடி என்ற வைத்தியரின் கதையை நாம் அறிவோம். 1987இல் டானியல் வெக்னர் என்பார் வெள்ளைக் கரடியை நினையாதிருக்குமாறு மாணவரைப் பணித்துச் சோதித்தார், கரடி விலகவில்லை. விலக்கிய எண்ணம் வாயிலிலேயே நிற்கும். ஆறுதல் கூறி நாம் எழுந்து வந்தபின் ஆச்சிக்கு முன்னிலும் இருமடங்கு யோசனை!

பின் என் செய்வது? மச்சிம நிகாயத்திலுள்ள விதக்கசந்தான சுத்தம் ஐந்து வழிகள் கூறும். தச்சன் நுண்ணிய முளையை அடித்துப் பருமுளையை வெளியேற்றுவதுபோல, வேறொரு நல்லெண்ணத்தில் மனத்தை ஊன்றுக என்பது முதல் வழி. இலங்கையிற் பிறந்து இலண்டனிற் பணியாற்றிய உளநூலறிஞர் பத்மால் டி சில்வா, இத்தகைய பௌத்த முறைகள் இக்கால உளச் சிகிச்சையை ஒத்திருத்தலை 1984இல் எடுத்துக் காட்டினார். பண்டிதருக்குப் பாளி நூல் எதற்கு என்று நண்பர் சிலர் முகஞ்சுளிக்கலாம். நாகபூசணி அம்மனைக் காணச் செல்வோரும் நயினாதீவு விகாரைக்குச் செல்வோரும் குறிகட்டுவானில் ஒரே படகில்தான் ஏறுகின்றனர்.

எனவே, மனத்துக்கு விலக்கு வேண்டாம், வேலை வேண்டும். அதிலும் கண்ணையும் கையையும் பற்றி நிற்கும் வேலை. வழியனுப்பும்போது நாம் சொல்லும் 'கவனம்' என்னும் சொல் இங்கேதான் பொருளுடையதாகும். உறக்கமும் பசியும் ஒழிந்து, சாவையே நினைப்பவருக்கு இது போதாது. அவரைத் தாமதியாது மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

மற்றையோர் திண்ணைக்குச் செல்லும்போது, ஆறுதல் மொழிக்குப் பதிலாகச் சிறிது சார்வோலை கொண்டு செல்லலாம். "ஆச்சி, பெட்டி இழைக்கிறது எப்பிடி எண்டு ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேட்கலாம். மாணவரையும் உடன் அழைத்துச் செல்க. இழைக்கத் தெரிந்த கைகள் இவ்வூரில் இனிச் சிலவே.